கல்லை மறந்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது: உயிருள்ளவை, உயிரற்றவை கற்பித்ததில் ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் 18 பேர் இருந்த ஒரு வகுப்பில் உயிருள்ளவை, உயிரற்றவை என்னும் பாடத்தை நான் 6 வாரங்கள் நடத்தினேன். பாடத்திட்டம் அதற்கு ஒதுக்கியிருந்தது 3 பாடவேளைகள் மட்டுமே. முதல் பாடவேளையின் முடிவிலேயே பாடம் முடிந்துவிட்டதாக நான் நம்பியதும், அந்த நம்பிக்கை மறுநாளே உடைந்ததும், அதன்பின் என்ன செய்தேன், எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதும்தான் இங்கே பதிவாகின்றன. சிறு பிள்ளைகளுக்கு இதே பாடத்தை எடுக்கவிருக்கும் ஆசிரியர்களையும், வீட்டில் இதே கேள்விகளை எதிர்கொள்ளும் பெற்றோரையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் நாள் வழக்கமான முறையிலேயே தொடங்கினேன். படஅட்டைகளைக் கலைத்துப் போட்டு, இரண்டு கூடைகளில் பிரித்து வைக்கச் சொன்னேன். நாய், பறவை, மீன், குழந்தை ஆகிய படங்கள் ஒரு கூடைக்கும், கல், நாற்காலி, பந்து, பென்சில் ஆகியவை மறு கூடைக்கும் தயக்கமில்லாமல் சென்றன. மரத்தின் படம் வந்தபோது இரண்டொருவர் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் உயிருள்ள கூடையைப் பார்த்தேன். படம் அங்கே விழுந்தது. என் பார்வையைப் படித்துத்தான் அவர்கள் விடையை எட்டினார்கள் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. குறிப்பேட்டில் "அனைவரும் புரிந்துகொண்டனர்" என்று எழுதிவிட்டேன்.

மறுநாள், பேட்டரியில் ஓடும் பொம்மைக் கார் ஒன்று நின்றுபோனது. அதைக் கையில் வைத்திருந்த சிறுமி கலங்கிய கண்களுடன் என்னிடம் வந்து, "டீச்சர், கார் செத்துப்போச்சு" என்றாள். பேட்டரியை மாற்றி ஓடவிட்டதும், "இப்ப உயிர் வந்துடுச்சு" என்று மகிழ்ந்தாள். பேச்சுவழக்கில் எல்லோரும் சொல்வதுதானே என்று எண்ணி, "காருக்கு உயிர் இருக்கா?" என்று கேட்டேன். "ஓடும்போது இருக்கு, நின்னா இல்ல" என்றாள் அவள். அருகிலிருந்த சிறுவன் சன்னலோரத் தொட்டிச் செடியைக் காட்டி, "செடிக்குத்தான் இல்ல. அது எங்கயும் போகவே போகாது" என்றான். முந்தைய நாள் மரத்தைச் சரியான கூடையில் இட்டவன் அவன்தான்.

தனித்தனியே கேட்டபோது தெரிந்தவை

அட்டைப் பயிற்சியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு குழந்தையிடமும் தனியாகப் பேசினேன். மனிதர், நாய், எறும்பு, செடி, மரம், விதை, முட்டை, கல், நாற்காலி, மேகம், சூரியன், மெழுகுவத்திச் சுடர், கடிகாரம், பொம்மைக் கார் என 14 பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள்: "இதுக்கு உயிர் இருக்கா?", "உனக்கு எப்படித் தெரியும்?" முதல் கேள்வியின் விடைகளை மட்டும் பார்த்திருந்தால் வகுப்பு ஓரளவு தேறிவிட்டதாகத்தான் தோன்றியிருக்கும். இரண்டாவது கேள்விதான் உண்மையைக் காட்டியது.

நாய்க்கு உயிர் இருப்பதாக எல்லோரும் சொன்னார்கள்; காரணம் கேட்டால் பெரும்பாலோர் "ஓடுது" என்றார்கள். அதே காரணத்தால் மேகத்துக்கும் உயிர் வந்தது, கடிகாரத்துக்கும் வந்தது. சூரியனுக்கு உயிர் உண்டு என்று சொன்னவர்கள், அது காலையில் தானாக வருகிறது, மாலையில் தானாகப் போகிறது, யாரும் தள்ளுவதில்லை என்று விளக்கினார்கள். கல்லுக்கும் நாற்காலிக்கும் உயிரில்லை என்று சொன்னதும் அதே அளவுகோலைக் கொண்டுதான்: அவை நகர்வதில்லை. செடியும் மரமும் அந்த வரிசையிலேயே போய் நின்றன. விதைக்கு உயிர் உண்டு என்று ஒரே ஒரு குழந்தைதான் சொன்னது. முட்டையைப் பற்றிக் கேட்டபோது பலர், "உள்ள குஞ்சு இருந்தா இருக்கு" என்றார்கள். நான் எதிர்பார்த்ததைவிடக் கவனமான விடை அது.

ஆக, குழந்தைகளிடம் இருந்தது அறியாமை என்று சொல்ல முடியாது. நகர்வதற்கு உயிர் உண்டு, நகராததற்கு இல்லை என்ற ஒரு கொள்கையை அவர்கள் தாங்களே கட்டிக்கொண்டு, அதை ஒழுங்காகப் பயன்படுத்தினார்கள். கொள்கை தவறு, பயன்படுத்திய விதத்தில் பிசகில்லை. கொள்கையைத் தொடாமல் விடைகளை மட்டும் திருத்தினால், அடுத்த புதிய பொருள் கண்ணில் படும்போது பழைய விடையே திரும்பி வரும். என் முதல் நாள் பாடத்துக்கு நேர்ந்தது அதுதான்.

சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே 1920-களிலேயே இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். குழந்தை முதலில் ஏதேனும் வேலை செய்கிற எல்லாவற்றுக்கும் உயிர் கொடுக்கிறது. பிறகு நகர்வதற்கு மட்டும். பிறகு தானாக நகர்வதற்கு மட்டும். கடைசியில்தான் விலங்குகளோடும் தாவரங்களோடும் நிறுத்திக்கொள்கிறது என்பது அவர் கண்ட வரிசை. அவருக்குப் பின் வந்தவர்கள் இந்தச் சித்திரத்தைத் திருத்தினார்கள். 1988-இல் கிறிஸ்டின் மாசியும் ரோஷல் கெல்மனும் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு முன்பின் பார்த்திராத விலங்குகள், சிலைகள், வண்டிகள் ஆகியவற்றின் படங்களைக் காட்டி, இது தானாக மேட்டில் ஏறி இறங்குமா என்று கேட்டபோது, விலங்கின் உருவில் இருந்த சிலையால்கூட அது முடியாது என்று குழந்தைகள் பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். விலங்கையும் பொருளையும் பிரிக்கும் திறன் மிக இளம் வயதிலேயே இருக்கிறது. அந்தத் திறனைச் செடிக்கு நீட்டத் தெரியாததுதான் தடை. என் வகுப்பின் நிலையும் இதற்கு ஒத்துப்போனது என்பதால், பாடத்தின் எடையை முழுவதும் செடியின் பக்கம் மாற்றினேன்.

இதைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்கிவிடவும் கூடாது. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், விரைந்து விடை சொல்லவேண்டிய நெருக்கடியில் வளர்ந்தவர்களும், உயிரியல் பேராசிரியர்களும்கூட, விலங்கை உயிருள்ளது என்று சொல்வதைவிடச் செடியை அவ்வாறு சொல்ல அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய கொள்கை நம்மைவிட்டு முழுவதும் போவதே இல்லை போலும்.

மொழி செய்த உதவியும் தடையும்

தமிழில் இந்தப் பாடத்தை எடுப்பவர் மொழியைக் கவனிக்காமல் இருக்க முடியாது. நம் இலக்கணம் உலகத்தை உயர்திணை, அஃறிணை என்று பிரிக்கிறது. மனிதரல்லாத உயிர்களையும் உயிரில்லாதவற்றையும் நன்னூல் ஒருசேர அஃறிணையில்தான் வைக்கிறது. நாயும் "வந்தது", மழையும் "வந்தது". எறும்பும் "அது", கல்லும் "அது". வினைமுற்றைக் கேட்டு எது உயிருள்ளது என்று குழந்தை கண்டுகொள்ள வழியில்லை.

அதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று சாவைக் குறிக்கும் சொற்களில் இருந்தது. பேட்டரி செத்துப்போகிறது, நாக்கு செத்துப்போகிறது. மரமோ பெரும்பாலும் பட்டுப்போகிறது, செடி வாடுகிறது, பயிர் கருகுகிறது. உயிரே இல்லாத பேட்டரிக்குச் சாவைத் தாராளமாகக் கொடுக்கும் அன்றாடப் பேச்சு, மரத்துக்கு வேறொரு சொல்லை ஒதுக்கி வைத்திருக்கிறது. அழகான சொற்கள்தாம், ஆனால் ஐந்து வயதுக் காதுக்கு மரத்தின் சாவு அதில் கேட்பதில்லை. இந்த 6 வாரங்களும் நான் "செடி செத்துப்போச்சு" என்றே சொன்னேன். பேட்டரியைப் பற்றி "தீர்ந்துபோச்சு" என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இதுபோன்ற சிறு கவனம் பலன் தரும் என்று முதலில் நானே நம்பவில்லை. மூன்றாவது வாரத்தில் குழந்தைகளும் அப்படியே பேசத் தொடங்கினார்கள்.

எதிர்பாராத குழப்பமும் வந்தது. எழுத்துப் பாடத்தில் உயிரெழுத்து, மெய்யெழுத்து படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவன், "அ-வுக்கு உயிர் இருக்குல்ல டீச்சர்?" என்றான். விண்மீனுக்கு உயிர் உண்டு, ஏனென்றால் அது மீன் என்றாள் வேறொரு சிறுமி. இவற்றை நான் சிரித்துக் கடக்கவில்லை. சொல் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறாக இருக்கலாம் என்பதற்கு அன்று ஒரு பாடவேளையையே செலவிட்டேன். அது வீண் போகவில்லை.

மொழியில் உதவியும் இருந்தது. புல்லையும் மரத்தையும் ஓரறிவு உயிர் என்று தொல்காப்பியம் வகைப்படுத்துகிறது. தொடுதலை உணர்வது அந்த ஓர் அறிவு. செடி நம்மைப் போல ஓடாது, பேசாது, ஆனால் தொட்டால் அதற்குத் தெரியும் என்று இதைக் குழந்தைகளுக்கேற்பச் சொன்னேன். தொட்டாற்சிணுங்கியைக் கொண்டுவந்து தொட்டுப் பார்க்கச் செய்தபோது, சில நொடிகளில் இலைகள் மடங்கின. உடனே எல்லோரும் அதற்கு உயிர் உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த ஒப்புதல் பழைய கொள்கையின் வெற்றிதான் என்பதைப் பிறகே உணர்ந்தேன்: அசைந்தது, ஆகவே உயிருள்ளது. பக்கத்துத் தொட்டியின் அசையாத செடி உயிரற்றதாகவே நீடித்தது. தொட்டாற்சிணுங்கியில் பாடத்தைத் தொடங்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை, அதை இறுதி வாரத்துக்கு ஒத்திவையுங்கள் என்பதே.

பயறும் கூழாங்கல்லும்

இரண்டு தட்டுகளில் ஈரப் பஞ்சு விரித்து, ஒன்றில் பயறு விதைகளையும் மற்றதில் அதே அளவுள்ள கூழாங்கற்களையும் பரப்பினோம். இரண்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவு தண்ணீர். ஒரே சன்னலின் வெளிச்சம். கல்லுக்கு ஏன் தண்ணீர் ஊற்றவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. கல்லும் வளரும் என்று இரண்டு பேர் எதிர்பார்க்கவே செய்தார்கள். பல வகுப்புகளில் விதையை மட்டும் முளைக்கவைத்துக் காட்டுகிறார்கள். ஒப்பிடக் கல் இல்லாவிட்டால், தண்ணீரா, வெளிச்சமா, விதையா, எது அந்த மாற்றத்தைச் செய்தது என்று குழந்தைக்குத் தெரியாது.

இரண்டாம் நாளே ஒரு சிறுவன் விதைகளை எடுத்துப் பிளந்து பார்க்கத் தொடங்கினான். மூன்று விதைகள் அவ்வாறு போயின. தடுப்பதற்குப் பதிலாக, கண்ணாடிக் குவளையின் உட்சுவரோடு ஈரத் துணியை ஒட்டி, துணிக்கும் கண்ணாடிக்கும் இடையில் விதைகளைச் செருகி வைத்தேன். வேர் கீழ்நோக்கி இறங்குவதை வெளியிலிருந்தே பார்க்க முடிந்தது. குவளையைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், ஓரிரு நாளில் வேர் திசை மாற்றி மீண்டும் கீழே திரும்பியது. "அதுக்கு எது கீழன்னு தெரியுது" என்றான் அந்தச் சிறுவன். ஒரு பக்கம் மட்டும் துளையிட்ட அட்டைப்பெட்டிக்குள் வைத்த நாற்று, சில நாள்களில் துளையின் பக்கம் வளைந்து நின்றது. செடி நகர்வதே இல்லை என்ற பேச்சு அன்றோடு குறைந்தது. தனக்கு வேண்டியதை நோக்கிச் செடியும் அசைகிறது என்று அறியும் ஐந்து வயதுக் குழந்தைகள் தாவரத்தையும் உயிருள்ளதாக ஏற்கிறார்கள் என்று ஜான் ஆஃபரும் ராபர்ட் சீக்லரும் 2004-இல் கண்டறிந்திருக்கிறார்கள். தொட்டாற்சிணுங்கி செய்யாததை வளைந்த நாற்று செய்ததற்கு, அந்த வளைவில் ஒரு தேவை தெரிந்ததே காரணம் என்று கருதுகிறேன்.

இங்கே நான் செய்த ஒரு பிழையையும் பதிவு செய்யவேண்டும். முளை வந்த மகிழ்ச்சியில், "வளர்வதற்கெல்லாம் உயிர் உண்டு" என்று பலகையில் எழுதிவிட்டேன். அடுத்த நாளே ஊதிய பலூன் வளர்கிறது, மழைக்குட்டை வளர்கிறது, தலைமுடி வளர்கிறது, ஆனால் வெட்டினால் வலிப்பதில்லை என்று எதிர்வாதங்கள் குவிந்தன. உப்புக் கரைசலில் தொங்கவிட்ட நூலிலும் படிகம் வளரும் என்பதை அவர்கள் அறியாதது என் நல்லூழ். ஒரு தவறான கொள்கையை எடுத்துவிட்டு, அதைப் போலவே ஒற்றைக் காலில் நிற்கும் இன்னொன்றை அங்கே நட்டிருந்தேன். பலகையில் எழுதியதை அவர்கள் முன்னாலேயே அழித்து, "நான் சொன்னது போதாது, இன்னும் பார்ப்போம்" என்றேன்.

திருப்பம் என் திட்டத்தால் நேரவில்லை. நான்கு நாள் தொடர் விடுமுறை ஒன்று வந்தது. தட்டுகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்ய மறந்துவிட்டேன். திரும்பி வந்தபோது நாற்றுகள் துவண்டு, உலர்ந்து கிடந்தன. குழந்தைகள் அழவில்லை, நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவசரமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஒன்றிரண்டு நிமிர்ந்தன, மற்றவை எழவில்லை. அப்போது கார் செத்துப்போனதாகச் சொன்ன அதே சிறுமி, பக்கத்துத் தட்டைக் காட்டி, "கல்லையும் மறந்துட்டோம். அதுக்கு ஒண்ணுமே ஆகல" என்றாள்.

அதன்பின் நான் கேள்வியை மாற்றினேன். "இதுக்கு உயிர் இருக்கா?" என்று கேட்பதை நிறுத்தி, "இதை நாம மறந்துட்டா என்ன ஆகும்?" என்று கேட்டேன். நாயை மறந்தால் பசிக்கும், செத்துப்போகும். செடியை மறந்தால் தண்ணீரில்லாமல் செத்துப்போகும். நாற்காலியை மறந்தால் தூசி படியும். பொம்மைக் காரை மறந்தால்? அதில்தான் நல்ல விவாதம் நடந்தது. பேட்டரி தீர்ந்துபோகும் என்றார் ஒருவர். புதுப் பேட்டரி போட்டால் ஒரு வருடம் கழித்தும் ஓடும் என்றார் மற்றவர். "செடிக்கு ஒரு வருஷம் கழிச்சுத் தண்ணி ஊத்தினா வராது" என்று அந்தச் சிறுமியே முடித்துவைத்தாள். நின்றதை மீண்டும் ஓடவைக்கலாம். செத்ததை மீட்க முடியாது. இந்த வேறுபாட்டை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

உணவு, நீர், வளர்ச்சி போன்ற பொதுத் தேவைகளின் வழியாகக் குழந்தைகள் செடியையும் விலங்கையும் ஒன்றாகக் காணத் தொடங்குகிறார்கள் என்று ஜப்பானின் கயோகோ இனாகாகியும் கியோ ஹதானோவும் விளக்கியிருக்கிறார்கள். வீட்டில் தங்கமீன் வளர்த்த ஐந்து வயதுப் பிள்ளைகள், தாங்கள் வளர்த்திராத தவளையைப் பற்றியும் அந்த அனுபவத்திலிருந்து நியாயமாக ஊகித்தார்கள் என்பதும் அவர்கள் கண்டது. கவனித்து வளர்த்த ஓர் உயிர், பார்த்த நூறு படங்களைவிட அதிகம் கற்பிக்கிறது என்றே நானும் கருதுகிறேன்; ஆனால் எந்த உயிரையும் வேண்டுமென்றே சாகவிட்டுப் பாடம் நடத்தக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். எங்கள் வகுப்பில் நடந்தது என் மறதி. அடுத்த விதைகளுக்கு நீர் ஊற்றும் முறைப்பட்டியலைக் குழந்தைகளே வரைந்தார்கள்.

மூன்றாவது கூடை

இரண்டு கூடைகள் போதாது என்பது நான்காவது வாரத்தில் தெரிந்தது. உலர்ந்த இலை, மரப்பலகை, இறகு, சிப்பி ஆகியவற்றை உயிரற்ற கூடையில் கல்லோடு சேர்க்கக் குழந்தைகளுக்கு மனமில்லை. அவர்கள் தயங்கியது சரிதான். "ஒருகாலத்தில் உயிரோடிருந்தவை, உயிருள்ளவற்றிலிருந்து வந்தவை" என்று மூன்றாவது கூடை ஒன்று வைத்தோம். காகிதம், பருத்தித் துணி, மர நாற்காலி என்று வகுப்பறையில் பாதி அந்தக் கூடைக்குள் வந்தது. செத்தது வேறு, உயிரே இல்லாதது வேறு என்பது இதில் தெளிந்தது. பாடநூல்கள் இதைத் தொடக்கத்திலேயே சேர்த்துவிட்டால் நல்லது.

தீயை மட்டும் எங்களால் தீர்க்க முடியவில்லை. சுடர் அசைகிறது, மெழுகைத் தின்கிறது, ஒரு மெழுகுவத்தி இன்னொன்றை ஏற்றுகிறது, காற்றில்லாவிட்டால் அணைந்துபோகிறது. ஒவ்வொரு அளவுகோலிலும் அது பாதித் தேர்ச்சி பெற்றது. தீ இல்லாத இடத்தில் தீக்குச்சியை உரசித் தீயை உண்டாக்கலாம், செடியில்லாமல் விதையை உண்டாக்க முடியாது என்று விளக்கினேன். சிலர் ஏற்றார்கள். உயிர் என்றால் என்ன என்பதற்கு எல்லா அறிவியலாளரும் ஒப்பும் ஒரே வரி வரையறை இன்றும் இல்லை என்பதால், ஏற்காதவர்களை நான் வற்புறுத்தவில்லை.

6 வாரங்களுக்குப் பின் அதே 14 பொருள்களையும் அதே இரண்டு கேள்விகளையும் கொண்டு மீண்டும் தனித்தனியே பேசினேன். செடிக்கும் மரத்துக்கும் உயிர் உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள்; காரணமாகத் தண்ணீர் வேண்டும், வெளிச்சத்தைத் தேடும், சாகும் என்பவை வந்தன. கடிகாரமும் காரும் உயிரை இழந்தன. சூரியன் சிலரிடம் இன்னும் உயிரோடுதான் இருந்தது. இதில் எனக்கு வருத்தமில்லை. சூரியனை வளர்க்கவும் முடியாது, மறக்கவும் முடியாது, ஆகவே எங்கள் கேள்வி அங்கே வேலை செய்யவில்லை. மேகமும் அப்படியே. இரண்டு மாதங்கள் கழித்துப் பேசியபோதும் செடியைப் பற்றிய விடை மாறவில்லை என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

விதைதான் கடைசிவரை விவாதத்தில் இருந்தது. டப்பாவில் கிடக்கும் காய்ந்த பயறு தண்ணீர் கேட்பதில்லை, வளர்வதில்லை, நாள்கணக்கில் மறந்தாலும் அதற்கு ஒன்றும் ஆவதில்லை. எங்கள் கேள்விப்படி அது கல். இஸ்ரேலின் பழைய மசாடா கோட்டையின் இடிபாடுகளில் கிடைத்த, ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையான பேரீச்சை விதை ஒன்று 2005-இல் முளைத்த செய்தியைக் குழந்தைகளுக்குச் சொன்னேன். "அவ்வளவு நாளும் அது என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார்கள். உள்ளே மிக மிக மெதுவாக உயிர் நடந்துகொண்டிருந்தது, அது தண்ணீருக்காகக் காத்திருந்தது என்றேன். விதைகளைப் பிளந்து பார்த்த சிறுவன் அதைக் கேட்டுவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பயற்றை எடுத்து, உயிருள்ளவற்றின் கூடைக்கும் மற்றவற்றுக்கும் நடுவே தரையில் வைத்தான். எந்தக் கூடை என்று கேட்டபோது, "தண்ணி ஊத்திப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றான்.